முப்பத்தெட்டுப் பிள்ளைகளுடன் ஒரு நாள்

கல்விச் சுற்றுலா என்றால் பிள்ளைகளுக்கு முதல் நாள் இரவு நித்திரை வராது. கூட்டிக்கொண்டு போகிற ஆசிரியைக்கும் நித்திரை வராது. பிள்ளைகளுக்கு வராதது சந்தோசத்தால். எங்களுக்கு வராதது பொறுப்பால்.

நான் முள்ளியவளையில் நீண்ட காலமாகப் படிப்பித்து வருகிற ஓர் ஆசிரியை. எத்தனையோ தடவை பிள்ளைகளை வெளியில் கூட்டிச் சென்றிருக்கிறேன். ஆனால் 2016ஆம் ஆண்டு யூலை மாதத்தில் யாழ்ப்பாணத்துக்குப் போய்வந்த அந்த ஒரு சனிக்கிழமையை மட்டும் என்னால் மறக்க முடியவில்லை. அதை இங்கே எழுதுவதற்குக் காரணம் இருக்கிறது. இந்தப் பக்கங்களை வாசிக்கிற சகோதரிகளில் பலர் தாய்மார். "என்ர பிள்ளையை என்னால கண்ணுக்கு எட்டாத தூரம் அனுப்ப ஏலாது" என்று சொல்கிறவர்கள். அவர்களுக்கு என்னுடைய அந்த ஒரு நாளைச் சொல்ல வேண்டும் என்று நினைத்தேன். பிள்ளைகளின் பெயர்களைத் தவிர்த்திருக்கிறேன். அவர்கள் இன்று இருபது வயதைத் தாண்டிய இளைஞர்கள், யுவதிகள்.

ஒரு தாயின் மறுப்பு

அந்த வருடம் தரம் 8 பிள்ளைகளை நிலாவரைக் கிணறு, யாழ்ப்பாணப் பொது நூலகம், கோட்டை ஆகிய மூன்று இடங்களுக்கும் கூட்டிச் செல்வதென்று முடிவு செய்தோம். விஞ்ஞானத்துக்கு ஒன்று, தமிழுக்கு ஒன்று, வரலாற்றுக்கு ஒன்று. வகுப்பில் முப்பத்தெட்டுப் பிள்ளைகள். இருபத்தொரு பெண் பிள்ளைகளும் பதினேழு ஆண் பிள்ளைகளும். அவர்களில் முக்கால்வாசிப் பேர் முல்லைத்தீவு மாவட்டத்தை விட்டு வெளியே போனது ஒரே ஒரு தடவைதான். அது 2009இல் செட்டிகுளம் முகாமுக்கு. அப்போது அவர்களுக்கு ஆறு வயது.

வலயக் கல்விப் பணிமனையின் அனுமதி, பெற்றோரின் சம்மதக் கடிதம், பஸ்ஸின் பத்திரங்கள் என்று ஒவ்வொன்றாகச் சேர்க்க மூன்று கிழமை சென்றது. காசு கட்ட முடியாத ஒன்பது பிள்ளைகளின் பங்கை வெளிநாட்டில் இருக்கிற பழைய மாணவர் ஒருவர் அனுப்பிவைத்தார். எல்லாம் சரி வந்தது. ஒரு பிள்ளையின் சம்மதக் கடிதம் மட்டும் வரவில்லை.

வகுப்பில் நல்லாகப் படிக்கிற பிள்ளை அவள். சத்தம் போடாதவள். கேட்டால் "அம்மா விடமாட்டா ரீச்சர்" என்று தலையைக் குனிந்துகொள்வாள். நானே வீட்டுக்குப் போனேன். தாய் முற்றத்தில் தென்னோலை பின்னிக்கொண்டிருந்தார். என்னை இருத்தித் தேத்தண்ணி தந்தார். கதையை எடுத்ததும் கை நின்றுவிட்டது.

"ரீச்சர், கோவிக்காதேங்கோ. நான் ஒருக்கா கையை விட்டனான். எனக்கு அது காணும்."

அந்தக் கதை எனக்குத் தெரியும். 2009 மே மாதத்தில் அந்தச் சனத்துக்குள்ளே, இரண்டு பிள்ளைகளின் கையைப் பிடித்துக்கொண்டு வந்தவர் வட்டுவாகல் பாலத்தை ஒரு பிள்ளையோடுதான் கடந்தார். கை நழுவிய மகனுக்கு அப்போது நாலு வயது. எத்தனையோ இடங்களில் பதிந்தும் இன்றுவரை ஒரு தகவலும் இல்லை.

அவரிடம் என்ன நியாயம் சொல்வது? நான் ஒன்றும் சொல்லாமல் திரும்பி வந்துவிட்டேன். மூன்றாம் தடவை போனபோது மகளே கேட்டாள். "அம்மா, நான் ரீச்சரின்ர கையைப் பிடிச்சுக்கொண்டே போறன்." தாய் நெடுநேரம் பேசவில்லை. பிறகு உள்ளே போய்ப் பேனாவை எடுத்துவந்தார்.

"வற்றாப்பளை அம்மாளை நினைச்சு அனுப்புறன். நீங்கள் கையை விட்டிடாதேங்கோ."

"விடமாட்டன் தங்கச்சி. மணித்தியாலத்துக்கு ஒருக்கா போன் எடுக்கிறன்."

சொல்லும்போது அது எனக்குச் சின்ன வாக்காகத்தான் தெரிந்தது.

நான் யோசியாமல் விட்ட பாதை

விடிய ஐந்து மணிக்கு முள்ளியவளை காட்டு விநாயகர் கோயிலடியில் தேங்காய் உடைத்துவிட்டுப் புறப்பட்டோம். பிள்ளைகள் முப்பத்தெட்டுப் பேர், ஆசிரியர்கள் மூன்று பேர், துணைக்கு இரண்டு தாய்மார். ஏறும்போதே எண்ணினேன். முப்பத்தெட்டு.

முள்ளியவளையிலிருந்து யாழ்ப்பாணம் போக இரண்டு பாதைகள் உண்டு. ஒட்டுசுட்டான், மாங்குளம் போய் ஏ9 வீதியில் ஏறலாம். அல்லது முல்லைத்தீவு, புதுக்குடியிருப்பு, விசுவமடு வழியாகப் பரந்தனுக்குப் போகலாம். சாரதி அண்ணை "புதுக்குடியிருப்பால போனால் நேரம் மிச்சம் ரீச்சர்" என்றார். நானும் ஓம் என்றேன். சாப்பாட்டுப் பார்சல்களை எண்ணுகிற அவசரத்தில் எனக்கு வேறொன்றும் தோன்றவில்லை.

பஸ்ஸுக்குள் ஒரே பாட்டும் கைதட்டலும். வகுப்பில் பகிடிக்குப் பேர்போன ஒரு பொடியன் இருந்தான். தாய் தகப்பன் இல்லை, அம்மம்மாவோடு இருப்பவன். தண்ணீர்ப் போத்தலில் மேளம் தட்டிக்கொண்டு அவன்தான் முன்னுக்கு நின்று பாடினான். முல்லைத்தீவு கழிந்து, ஒருபக்கம் நந்திக்கடலும் மறுபக்கம் பெருங்கடலும் தெரிய, பஸ் வட்டுவாகல் பாலத்தில் மெதுவாக ஏறியது. அந்தப் பழைய பாலம் குறுகலானது. தண்ணீர் மட்டத்துக்கு மிகக் கிட்டவாக இருப்பது.

பாட்டு நின்றுவிட்டது. யாரும் நிறுத்தச் சொல்லவில்லை. தானாகவே நின்றது. யன்னல் பக்கம் இருந்த பிள்ளைகள் தண்ணீரைப் பார்த்தார்கள். மற்றவர்கள் தங்கள் மடியைப் பார்த்தார்கள். துணைக்கு வந்த தாய் ஒருவர் சேலைத் தலைப்பால் முகத்தை மூடிக்கொண்டார். எனக்குப் பக்கத்தில் இருந்த அந்தப் பெண் பிள்ளை என் கையை இறுக்கிப் பிடித்தாள்.

என்ன பேசுவது என்று எனக்குத் தெரியவில்லை. பேசாமல் விடுவதும் சரியாகப் படவில்லை. எழும்பி நின்று சொன்னேன். "ஓம் பிள்ளையள். இதாலதான் அண்டைக்கு நாங்கள் எல்லாரும் வந்தனாங்கள். நானும் வந்தனான். இண்டைக்கு மற்றப் பக்கமாப் போறம். பின்னேரம் திரும்பி வீட்டை வருவம்."

அவ்வளவுதான் சொன்னேன். முள்ளிவாய்க்கால், இரட்டைவாய்க்கால் கழிந்து புதுக்குடியிருப்பு வரும்வரை பஸ்ஸுக்குள் சத்தம் இல்லை. விசுவமடுவில் யாரோ ஒருவன் வாந்தி எடுத்தான். அதற்குப் பிறகுதான் பிள்ளைகள் சிரிக்கத் தொடங்கினார்கள். நானும் அந்த வாந்திக்கு நன்றி சொல்லிக்கொண்டு சொப்பிங் பை தேடினேன்.

அடி தெரியாத கிணறு

ஆனையிறவில் இரு பக்கமும் பரந்து கிடந்த கடல்நீரேரியைப் பார்த்துப் பிள்ளைகள் வாயைப் பிளந்தார்கள். கைதடியால் திரும்பி, கோப்பாய், நீர்வேலி வழியாக நிலாவரைக்குப் போய்ச் சேர்ந்தோம். இறங்கியதும் எண்ணினேன். முப்பத்தெட்டு.

நிலாவரைக் கிணற்றுக்கு அடியே இல்லை என்று ஊர்ச்சனம் சொல்வது வழக்கம். விஞ்ஞான ஆசிரியர் அதை விளங்கப்படுத்தினார். யாழ்ப்பாணக் குடாநாட்டின் நிலத்துக்குக் கீழே இருப்பது சுண்ணாம்புக்கல். வன்னியைப்போல அங்கே பெரிய ஆறுகள் இல்லை, பெருங்குளங்கள் இல்லை. பெய்கிற மழை அந்தக் கல்லின் வெடிப்புகளாலும் பொந்துகளாலும் கீழே இறங்கித் தேங்கி நிற்கிறது. நல்ல தண்ணீர் உப்புத் தண்ணீரைவிடப் பாரம் குறைந்தது. அதனால் கடலிலிருந்து நிலத்துக்குள் ஊறிவந்த உப்புத் தண்ணீரின் மேல் அது மிதந்து நிற்கிறது. நிலாவரையில் மேல் தண்ணீர் நன்னீர். ஆழம் போகப் போக உப்பு. அளவுக்கு மிஞ்சி இறைத்தால் உப்பு மேலே ஏறிவிடும்.

"அப்ப எங்கட தண்ணீரூற்றுத் தண்ணிதான் நல்லது சேர்" என்றாள் ஒருத்தி. எங்கள் ஊருக்குப் பக்கத்து ஊரின் பெயரே தண்ணீரூற்று. அவள் பெருமைப்பட்டதில் பிழையில்லை.

பிள்ளைகள் பாடம் கேட்க, நான் அவர்களின் கால்களைப் பார்த்துக்கொண்டிருந்தேன். யார் எட்டிப் பார்க்கிறான், யார் தள்ளுகிறான் என்று. கிணற்றைச் சுற்றித் தடுப்பு இருந்தாலும் ஆசிரியைக்கு அது தடுப்பாகத் தெரியாது. ஏறும்போது மறுபடியும் எண்ணினேன். அந்தத் தாய்க்குப் போன் எடுத்தேன். "சாப்பிட்டவளே?" என்று கேட்டார்.

மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் இன்னொரு விசயம். ஒரு பெண் பிள்ளை என்னிடம் வந்து அழுதாள். அன்றைக்குத்தான் அவளுக்கு முதல் தடவை. வீட்டிலிருந்து நூறு கிலோமீற்றருக்கு அப்பால், ஐம்பது பேர் ஏறக்கூடிய பஸ் ஒன்றில். துணைக்கு வந்த தாய்மார் இருவரும் அவளைக் கூட்டிப்போய்க் கழுவி, உடுப்பு மாற்றி, "இது வருத்தம் இல்லை அம்மா, எல்லாருக்கும் வாறதுதான்" என்று தேற்றிக்கொண்டு வந்தார்கள். என் கைப்பையில் துவாயும் மாற்றுப் பாவாடையும் இருந்தபடியால் சமாளித்தோம். பெண் பிள்ளைகளைக் கூட்டிப்போகிறவர்கள் எதை மறந்தாலும் இதை மறக்கக்கூடாது.

எரிந்த நூலகம்

பொது நூலகத்துக்குள் போகுமுன் வாசலில், சரஸ்வதி சிலைக்கு முன்னால் பிள்ளைகளை இருத்தி வரலாற்றைச் சொன்னேன். 1933இல் க. மு. செல்லப்பா என்பவர் தன் வீட்டில் வைத்துப் புத்தகங்களை இரவல் கொடுக்கத் தொடங்கியதிலிருந்து வளர்ந்தது இந்த நூலகம். 1959இல் இந்தப் பெரிய கட்டடம் திறக்கப்பட்டது. 1981 மே 31ஆம் திகதி இரவு தொடங்கிய வன்செயலில் எரிக்கப்பட்டது. ஏறத்தாழ 97,000 நூல்களும் ஏட்டுச் சுவடிகளும் சாம்பலாயின. பிறகு மீளக் கட்டப்பட்டு, இன்று பிள்ளைகள் வந்து வாசிக்கிறார்கள்.

கேட்டுக்கொண்டிருந்த ஒருவன் கையை உயர்த்தினான். "ரீச்சர், புத்தகங்களையும் கொண்டு இடம்பெயர்ந்திருக்கலாமே?"

மற்றவர்கள் சிரிக்கவில்லை. அவர்களுக்கு அது பகிடி இல்லை. எங்கள் பள்ளிக்கூடங்கள் அப்படித்தான் இடம்பெயர்ந்தன. வரவு இடாப்பையும் கரும்பலகையையும் உழவு இயந்திரத்தில் ஏற்றிக்கொண்டு, மரத்தடியிலும் தறப்பாளுக்குக் கீழும் படிப்பித்தோம். என்னுடைய சான்றிதழ்களைப் பொலித்தீனில் சுற்றி உடம்போடு கட்டிக்கொண்டு வந்தவள் நான். "அவைக்கு நேரம் கிடைக்கேல்ல ராசா" என்று மட்டும் சொன்னேன்.

உள்ளே பிள்ளைகள் வாசிகசாலை மேசைகளில் ஆளுக்கொரு புத்தகத்தோடு இருந்தார்கள். அந்த முக்கால் மணித்தியாலந்தான் அன்றைக்கு நான் இருந்து மூச்சு விட்ட நேரம்.

கோட்டைக்குள்ளே வெடிச் சத்தம்

கோட்டைக்குப் போகும்போது மூன்று மணி கழிந்துவிட்டது. வரலாற்று ஆசிரியர் முன்னால் போனார். போர்த்துக்கேயர் பதினேழாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கட்டியது, 1658இல் ஒல்லாந்தர் கைப்பற்றி ஐங்கோணமாகப் பெருப்பித்துக் கட்டியது, 1795இல் ஆங்கிலேயர் கைக்குப் போனது, 1990 முற்றுகையிலும் அதன் பின்பும் சிதைந்து, போர் முடிந்த பிறகு நெதர்லாந்தின் உதவியோடு திருத்தப்பட்டது என்று சொல்லிக்கொண்டு போனார். மதிலில் பதிந்திருக்கும் முருகைக்கற்களைத் தொட்டுக் காட்டினார்.

பிள்ளைகள் புல்லுக்குள் கால் வைக்கவில்லை. பாதையிலேயே ஒருவர் பின் ஒருவராக நடந்தார்கள். "ரீச்சர், இஞ்ச மிதிவெடி எடுத்திட்டாங்களோ?" என்று ஒருத்தி கேட்டாள். மண்டையோடு போட்ட சிவப்புப் பலகைகளைப் பார்த்து வளர்ந்த பிள்ளைகள் அப்படித்தான் கேட்பார்கள். "எடுத்தாச்சு, பயப்படாமல் நடவுங்கோ" என்றதும்தான் ஓடத் தொடங்கினார்கள். மதிலில் ஏறினார்கள். அகழியை எட்டிப் பார்த்தார்கள். நான் கீழே நின்று கத்திக்கொண்டிருந்தேன்.

அந்த நேரத்தில்தான் வெடித்தது. கோட்டைக்கு வெளியே எங்கோ சீனவெடிக் கட்டு ஒன்றைக் கொளுத்தியிருக்கிறார்கள். படபடவென்று தொடங்கி, கடைசியில் பெரிய வெடிகள். அந்தக் கல் மதில்களுக்குள் எதிரொலித்தபோது அது சீனவெடிச் சத்தமாக இருக்கவில்லை.

உண்மையைச் சொல்கிறேன். முதலில் குனிந்தது நான்தான். பிள்ளைகளைப் பார்க்கவில்லை. யாரையும் இழுத்து அணைக்கவில்லை. இரண்டு கையாலும் தலையைப் பொத்திக்கொண்டு மதிலோடு ஒட்டி இருந்துவிட்டேன். எத்தனை விநாடி என்று தெரியாது. நிமிர்ந்து பார்த்தபோது பிள்ளைகளில் பாதிப்பேர் நிலத்தில் கிடந்தார்கள். சிலர் அழுதார்கள். சிலர் வெட்கத்தோடு எழும்பி உடுப்பைத் தட்டினார்கள். வேறு பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் சிலர் எங்களைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

"வெடிதான், வெடிதான்" என்று சொல்லிக்கொண்டே எல்லோரையும் ஒரு இடத்துக்குக் கூப்பிட்டு எண்ணினேன். முப்பத்தேழு. மறுபடியும் எண்ணினேன். முப்பத்தேழு. இரண்டு பேரைச் சோடியாக நிற்கச் சொல்லி எண்ணினேன். ஒரு பிள்ளை தனியாக நின்றது. பாட்டுப் பாடி வந்த பொடியன் இல்லை.

எனக்கு முதலில் நினைவுக்கு வந்தது அகழி. ஆண் ஆசிரியர்கள் இருவரும் மதிலின் மேலே ஓடினார்கள். நான் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டுக்கொண்டு ஓடினேன். பத்து நிமிடம் ஆகியது. அந்த நேரம் பார்த்துக் கைத்தொலைபேசி அடித்தது. அந்தத் தாய். மூன்று மணிக்கு எடுக்க வேண்டிய போனை நான் எடுக்கவில்லை.

"ரீச்சர், என்ன, எல்லாரும் சுகமோ?"

"ஓம் தங்கச்சி. எல்லாரும் சுகம்."

பொய் சொன்னேன். சொல்லி முடித்ததும் கால் நடுங்கியது. அவனுடைய அம்மம்மாவின் முகம் எனக்கு முன்னால் வந்து நின்றது. அந்தப் பெண் பிள்ளை இன்னமும் என் சேலையைப் பிடித்துக்கொண்டுதான் நின்றாள். அவள் மெதுவாகச் சொன்னாள்.

"ரீச்சர், மேல தேடாதேங்கோ. சத்தம் கேட்டா அவன் மேல ஏறமாட்டான். பங்கர் மாதிரி இடத்தில பாப்பம்."

எங்கள் ஆசிரியர் ஒருவருக்கும் தோன்றாதது அவளுக்குத் தோன்றியது. மதிலுக்குக் கீழே, வளைந்த கூரையோடு இருட்டாக இருந்த அறைகளைப் பார்த்துக்கொண்டு போனோம். இரண்டாவது அறையின் மூலையில் அவன் இருந்தான். முழங்காலைக் கட்டிக்கொண்டு, புத்தகப் பையைத் தலைக்கு மேல் வைத்துக்கொண்டு. நாங்கள் கூப்பிட்டது அவனுக்குக் கேட்டிருக்கும். ஆனால் அவன் அந்த நேரத்தில் கோட்டையில் இருக்கவில்லை. வேறொரு இடத்தில் இருந்தான்.

நான் ஓடிப்போய்த் தூக்கப் பார்த்தேன். அவள் என்னை மறித்தாள். தான் போய் அவனுக்குக் கொஞ்சம் தள்ளி நிலத்தில் இருந்தாள். "டேய், அது சீனவெடியடா. ஆரோ கொளுத்தினவங்கள். இது யாழ்ப்பாணக் கோட்டை. ரீச்சர் எண்ணிக்கொண்டு நிக்கிறா. நீ ஒராள்தான் குறையுது."

நானும் அவனுக்கு முன்னால் இருந்தேன். உளவளத்துணைப் பயிற்சியில் படித்தது அப்போதுதான் நினைவுக்கு வந்தது. அவன் பெயரைச் சொன்னேன். இன்றைக்கு என்ன கிழமை, என்ன வருடம், எங்கே நிற்கிறோம் என்று சொன்னேன். "கால் ரெண்டையும் நிலத்தில ஊண்டு ராசா. கல்லைத் தொட்டுப் பார், குளிருது என்ன? வெளியில என்ன தெரியுது, சொல்லு பாப்பம்" என்றேன். நேரமெடுத்தது. "புல்லு" என்றான். பிறகு "காகம்" என்றான். பிறகு பெருமூச்சு விட்டு அழத் தொடங்கினான். அழவிட்டேன். எல்லாம் இருபத்தைந்து நிமிடம் இருக்கும்.

வெளியே வந்து வரிசையில் நின்றதும் எண்ணினேன். முப்பத்தெட்டு.

அவனை யாரும் பகிடி பண்ணவில்லை. ஒருவன் வந்து தன்னுடைய தண்ணீர்ப் போத்தலைக் கொடுத்தான். "நானும் விழுந்து படுத்தனான்டா" என்றான். நானும் எல்லோருக்கும் கேட்கச் சொன்னேன். "நான்தான் முதல் குனிஞ்சனான்." பிள்ளைகள் சிரித்தார்கள். அவனும் சிரித்தான்.

வீட்டுக்கு

திரும்பி வரும்போது பரந்தன் சந்தியில் பஸ் வலப்பக்கம் பார்க்கவும் இல்லை, இடப்பக்கம் திரும்பவும் இல்லை. நேரே கிளிநொச்சி, மாங்குளம் என்று போய் ஒட்டுசுட்டான் பாதையால் வந்தது. நான் சொல்லவில்லை. சாரதி அண்ணை தானாகவே அப்படிச் செய்தார். "நேரம் பிந்தினாலும் பரவாயில்லை ரீச்சர்" என்றார். பிள்ளைகள் எல்லோரும் நல்ல நித்திரை.

முள்ளியவளைக்கு வந்துசேர இரவு ஒன்பது மணி தாண்டிவிட்டது. பள்ளிக்கூட வாசலில் ரோச் லைற்றுகளோடு தாய்மார் நின்றார்கள். ஒவ்வொரு பிள்ளையாக இறக்கி, கையில் கொடுத்து, இடாப்பில் அடையாளம் போட்டேன். அந்தத் தாய் மகளின் முகத்தைத் தடவிப் பார்த்தார். முழங்கையைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்துக் கும்பிட்டார். எனக்கு அந்தக் கும்பிட்டை வாங்கக் கூச்சமாக இருந்தது.

அடுத்த நாள் ஞாயிற்றுக்கிழமை. முதலில் பொடியனின் வீட்டுக்குப் போய் அம்மம்மாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். "இடி முழங்கினாலும் கட்டிலுக்குக் கீழதான் பிள்ளை படுப்பான், நான் ஒருத்தருக்கும் சொல்லுறேல்ல" என்றார். அவரோடு கதைத்து, ஆஸ்பத்திரியின் உளநல சிகிச்சைக்கு அவனைக் கூட்டிப்போக ஒழுங்கு செய்தோம். பிறகு மற்ற வீட்டுக்குப் போனேன். "போனில உங்களுக்குப் பொய் சொன்னனான் தங்கச்சி" என்று நடந்ததைச் சொன்னேன். ஏச்சு விழும் என்று நினைத்தேன். தாய் கேட்டது வேறு.

"என்ர பிள்ளையோ தேடிக் கண்டுபிடிச்சது?"

"ஓம்."

"என்ர பிள்ளையோ?" என்று மறுபடியும் கேட்டார். பிறகு மகளைக் கூப்பிட்டுப் பக்கத்தில் இருத்திக்கொண்டார்.

அடுத்த வருடம், 2017 மார்ச் மாதத்தில், காணாமல் ஆக்கப்பட்டவர்களின் உறவுகள் முல்லைத்தீவில் தொடர் போராட்டத்தைத் தொடங்கியபோது அந்தத் தாயும் போய்ப் பந்தலில் இருந்தார். மகளைத் தனியே பள்ளிக்கூடத்துக்கும் வகுப்புக்கும் அனுப்பிவிட்டுத்தான் போனார். மகன் எங்கே என்ற கேள்வியை அவர் விடவில்லை. ஆனால் மகளைப் போகவிடப் பழகிக்கொண்டார்.

தாய்மாருக்கு ஒரு வார்த்தை

சகோதரிகளே, இந்த ஒரு நாளில் நான் படித்துக்கொண்டவற்றை உங்களோடு பகிர்ந்துகொள்கிறேன்.

திடீர்ச் சத்தத்துக்குப் பதுங்குவது கோழைத்தனமும் இல்லை, பைத்தியமும் இல்லை. ஒரு காலத்தில் எங்களை உயிரோடு வைத்திருந்த பழக்கம் அது. சத்தம் கேட்டதும் மனம் யோசிக்கிறதுக்கு முதலே உடம்பு குனிந்துவிடுகிறது. ஆபத்து நீங்கி வருடங்கள் ஆனாலும் உடம்புக்கு அது உடனே விளங்குவதில்லை. அப்படிப்பட்ட நேரத்தில் பிள்ளையை ஏசாதீர்கள், உலுப்பாதீர்கள், சட்டென்று தூக்காதீர்கள். கிட்ட இருந்து, பெயரைச் சொல்லி, இப்போது எங்கே இருக்கிறோம் என்று அமைதியாகச் சொல்லுங்கள். காலை நிலத்தில் ஊன்றவும், கண்ணுக்குத் தெரிவதைச் சொல்லவும் விடுங்கள். மெதுவாக மூச்சு விடச் சொல்லுங்கள். அடிக்கடி வந்தால், நித்திரை குழம்பினால், படிப்பில் மனம் செல்லாவிட்டால், உளநல வைத்தியரிடமோ உளவளத் துணையாளரிடமோ கூட்டிப்போங்கள். அதை மறைத்து வைக்க வேண்டாம்.

பிள்ளையை வெளியில் அனுப்பும்போது அதன் பயம் என்ன என்று ஆசிரியருக்குச் சொல்லிவிடுங்கள். வெடிச் சத்தமோ, கடலோ, இருட்டோ, சனக்கூட்டமோ எதுவானாலும் சொல்லுங்கள். அந்தப் பொடியனைப் பற்றி எனக்கு முதலே தெரிந்திருந்தால் அவனை என் பக்கத்தில் வைத்திருப்பேன். தாய் தகப்பன், இருக்கிற இடம், தொலைபேசி எண் எழுதிய துண்டொன்றைப் பிள்ளையின் சட்டைப்பையில் வைத்துவிடுங்கள். பிரிந்துபோனால் ஓடித் திரியாமல் எங்கே வந்து நிற்க வேண்டும் என்று சொல்லிக் கொடுங்கள்.

ஆசிரியைகளுக்கும் சொல்கிறேன். அதன் பிறகு நான் பிள்ளைகளைச் சோடியாகப் பிரித்துத்தான் கூட்டிப்போகிறேன். ஒவ்வொரு பிள்ளைக்கும் மற்றப் பிள்ளை பொறுப்பு. இறங்கிய உடனே, "ஒருவரும் காணாவிட்டால் இந்த மரத்தடிக்கு வாங்கோ" என்று ஓர் இடத்தைக் காட்டிவிடுகிறேன். எந்தப் பாதையால் போகிறோம் என்று நானே முதலில் யோசித்து முடிவெடுக்கிறேன். வாக்குக் கொடுத்த போனை நேரத்துக்கு எடுக்கிறேன். பொய் சொல்வதில்லை.

இன்று என் வகுப்பில் இருக்கிற பிள்ளைகள் எல்லோரும் 2009க்குப் பிறகு பிறந்தவர்கள். அவர்களுக்கு வட்டுவாகல் வெறும் பாலம். ஆனாலும் சில பிள்ளைகள் சுற்றுலாவுக்கு வருவதில்லை. கேட்டால் அதே பதில்தான். "அம்மா விடமாட்டா ரீச்சர்." பிள்ளை காணாத போரைத் தாயின் பயம் பிள்ளைக்குக் காட்டிக்கொண்டிருக்கிறது. அந்தப் பயம் எங்கிருந்து வந்தது என்று எனக்குத் தெரியும். அதனால் உங்களைக் குறை சொல்லமாட்டேன். ஒன்றை மட்டும் கேட்கிறேன். நாங்கள் பட்டதை எங்களோடு வைத்திருப்போம். பிள்ளைகளுக்குக் கவனத்தைச் சொல்லிக் கொடுத்து அனுப்பிவைப்போம்.

அந்தப் பொடியன் இப்போது கிளிநொச்சியில் வேலை செய்கிறான். ஊருக்கு வரும்போது பள்ளிக்கூட மதிலால் எட்டிப் பார்த்துச் சத்தம் போடுவான்.

"ரீச்சர், எண்ணியாச்சோ?"

"எண்ணியாச்சு ராசா. எல்லாரும் நிக்கினம்."